வேகம் கூட்டினால் நின்றுவிடும் பழைய அவுட்போர்டு: கார்புரேட்டரைப் பிரிக்க வேண்டுமா?

இப்போதைக்கு வேண்டாம். 20 வருடப் பழைய ஃபைபர் படகு வாங்கியிருக்கிறேன், மெதுவாக ஓட்டினால் அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டும்) எஞ்சின் ஒழுங்காக ஓடுகிறது, திராட்டிலை ஏற்றினால் சில நிமிடங்களில் திணறி நின்றுவிடுகிறது, கொஞ்சம் ஆறப்போட்டால் மறுபடி கிளம்புகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் அழுக்கு சேர்ந்தால் பொதுவாக ஐடிலிங்தான் (திராட்டிலை ஏற்றாமல் எஞ்சின் சும்மா ஓடுவது) முதலில் கெடும், ஏனென்றால் அதற்கான துளைதான் மிகச் சிறியது. உங்களுக்கு நடப்பது அதற்கு நேர்மாறு. பெட்ரோல் தேவையான அளவுக்கு வந்து சேரவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

இதை உறுதிசெய்ய ப்ரைமர் பல்ப் போதும், அதாவது பெட்ரோல் ஹோஸில் இருக்கும், கையால் அமுக்கும் ரப்பர் பந்து. இன்னொருவரை ஓட்டச் சொல்லிவிட்டு, எஞ்சின் திணறத் தொடங்கும் நேரத்தில் பல்பைப் பிடித்துப் பாருங்கள். அது சப்பையாக ஒட்டிப்போயிருந்தால் அடைப்பு டாங்க் பக்கம். அமுக்க அமுக்க எஞ்சின் உயிர் பிடித்து ஓடினால், எங்கோ காற்று இழுக்கிறது அல்லது ஃபியூயல் பம்பின் டயஃப்ரம் (உள்ளே அசையும் மெல்லிய சவ்வு) தளர்ந்துவிட்டது. காற்று பெரும்பாலும் ஹோஸ் கனெக்டரின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) வழியாகத்தான் நுழையும்.

பல்ப் சப்பையானால் முதலில் டாங்க் மூடியைச் சற்றுத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். பிரச்சினை போய்விட்டால் வென்ட் (டாங்குக்குள் காற்று போகும் குழாய்) அடைத்திருக்கிறது. நீண்டநாள் சும்மா நின்ற படகில் குளவி அந்தக் குழாய்க்குள் மண்கூடு கட்டிவிடும். வென்ட் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் ஹோஸ். வெளியே புதிது போலத்தான் இருக்கும், உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் உரிந்து தொங்கும். வேகமாக உறிஞ்சும்போது அது வழியை மூடும், உறிஞ்சல் நின்றதும் திறந்துகொள்ளும். ஆறப்போட்டால் எஞ்சின் கிளம்புவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். இந்த வயதுப் படகில் ஹோஸையும் பல்பையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், படகுக்கென்றே வரும் பெட்ரோல் ஹோஸாக வாங்குங்கள்.

அப்புறம், ஃபில்டரில் இருக்கும் பெட்ரோலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிச் சிறிது நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து கீழே இறங்கிவிடும். டாங்கிலிருந்து உறிஞ்சும் குழாயும் அங்கேதானே இருக்கிறது!

ஒன்றை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடித்தளத்தில் தேங்கி நிற்கும். ஹோஸைக் கழற்றி மாட்டிய பிறகு மூடிகளைத் திறந்து காற்றோட்டம் விட்டு, வாசனை அறவே இல்லை என்று தெரிந்த பிறகே சாவியைத் திருப்புங்கள்.

வாங்கியபோது தெரியாத இரண்டு விஷயங்களையும் இதோடு பார்த்துவிடலாம். தண்ணீர் பம்ப் இம்பெல்லர் (எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரம்) எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் புதிது போடுங்கள், ஓடாமல் கிடந்தாலும் அதன் ரப்பர் இதழ்கள் வளைந்து இறுகிவிடும். கியர் ஆயில் பால் போல வெளுத்திருந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது.

பல்ப் கடைசிவரை கெட்டியாகவே இருந்து, அப்போதும் எஞ்சின் நின்றால், எஞ்சின் மேலுள்ள ஃபில்டரைப் பாருங்கள். அதுவும் சுத்தமாக இருந்தால் கார்புரேட்டரைப் பிரிக்கலாம்.