பாலியல் தொழில் – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

கொல்கத்தாவில் பாலியல் தொழில் நடக்கும் சோனாகாச்சிப் பகுதிப் பெண்களின் சங்கத்தை ஆதரித்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஒப்புக்கொள்ள முடியவில்லை. எந்தப் பெண் விரும்பி இதற்குப் போகிறாள்? வறுமையும் புரோக்கரும் தள்ளிவிட்டதைத் தொழில் என்று சொல்வது ஆண்களுக்குத்தானே வசதி? முத்துலட்சுமி ரெட்டி போராடி ஒழித்த தேவதாசி முறை போன்றதைப் பெண்ணியம் பேசுகிறவர்களே திரும்பக் கொண்டுவரலாமா?

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. சிறுமிகள், ஏமாற்றிக் கூட்டிவரப்பட்டவர்கள் விஷயத்தில் நமக்குள் வாதமே இல்லை, கடத்தியவன் ஜெயிலுக்குப் போகவேண்டும். முத்துலட்சுமி ரெட்டி முக்கியமாக எதிர்த்ததும் சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடுவதைத்தான். 1947 சட்டம் அதைத் தடுத்தது சரியே. நான் பேசுவது, வயது வந்த, ‘இதை விட்டுப் போகமாட்டேன்’ என்று தானே சொல்கிற பெண்ணைப் பற்றி.

வறுமை தள்ளியதுதான். செங்கல் சூளைக்கும் அதே வறுமைதான் தள்ளுகிறது, ஆனால் அங்கே கல் சுமக்கிறவளை யாரும் வேனில் ஏற்றிக்கொண்டுபோய்க் காப்பகத்தில் பூட்டிவைப்பதில்லை. பாலியல் தொழில் பற்றிய நம் நாட்டின் 1956 சட்டத்தைப் பாருங்கள். ஒரு பெண் தனியாக இந்தத் தொழிலைச் செய்வது குற்றம் என்று அதில் இல்லை. ஆனால் துணைக்கு இருக்கட்டும் என்று இரண்டு பேர் ஒரே வீட்டில் தொழில் செய்தால் அது விபச்சார விடுதி ஆகிவிடும். அவள் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிற மகனுக்குப் பதினெட்டு தாண்டிவிட்டால் அவனும் குற்றவாளி, இரண்டு வருடம் வரை சிறை. வயதான அம்மாவுக்கும் அதே கதிதான். ரெய்டில் பையிலிருந்து ஆணுறையை எடுத்தால் அதையே சாட்சியாகக் காட்டிவந்தார்கள். அதற்குப் பயந்து வைத்துக்கொள்ளாமல் போனால் நோய். இதில் எந்த இடத்தில் அவளுக்குப் பாதுகாப்பு?

சோனாகாச்சியில் 1992இல் டாக்டர் ஸ்மரஜித் ஜானா எய்ட்ஸ் தடுப்பு வேலையை ஆரம்பித்தபோது அந்தப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்கள் ஆக்கினார். 1995இல் அவர்கள் துர்பார் என்ற இந்தச் சங்கத்தைக் கட்டினார்கள், கந்துவட்டிக்காரனிடமிருந்து தப்பிக்கச் சொந்தமாகக் கூட்டுறவு வங்கியும் தொடங்கினார்கள். அந்த வங்கியைப் பதிவு செய்யும்போது, தொழிலைச் சொல்லாமல் குடும்பத்தலைவி என்று எழுதச் சொன்னதற்கு மாட்டோம் என்றார்கள், தங்கள் தொழிலைச் சொல்லியே பதிவும் வாங்கினார்கள். எனக்கு இது பெண்ணியம் இல்லையென்றால் வேறு எது என்று தெரியவில்லை.

சுவீடனில் 1999 முதல் காசு கொடுத்து வருகிறவனுக்குத் தண்டனை, அந்தப் பெண்ணுக்கு இல்லை. நல்ல நோக்கம்தான், ஆனால் அவன் போலீசுக்குப் பயந்து அவசரப்படுத்தும்போது ஆளை எடைபோட அவளுக்கு நேரமே கிடைப்பதில்லை என்று பாலியல் தொழிலாளர் அமைப்புகள் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. நியூசிலாந்து 2003இல் இதைக் குற்றப்பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. அங்கே 2014இல் ஒரு பெண், விடுதி நடத்தியவர் பாலியல் தொல்லை கொடுத்தார் என்று வழக்குப் போட்டு 25,000 டாலர் இழப்பீடு வாங்கினாள். நம் ஊரில் அவள் புகார் கொடுக்க ஸ்டேஷன் படி ஏறினால் முதலில் யார்மேல் வழக்கு விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

வேறு வேலை கொடுத்தால் சிலர் நிச்சயம் போவார்கள். கொடுக்கட்டும், ஆனால் கதவைப் பூட்டிவிட்டுக் கொடுக்கக் கூடாது. கொல்கத்தாவில் 1999இல் நடந்த ஒரு பாலியல் தொழிலாளியின் கொலையிலிருந்து கிளம்பிய வழக்கில், உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் இதைத்தான் சொன்னது: ஆணுறையைச் சாட்சியாகக் காட்டாதே, காப்பகங்களில் விருப்பமில்லாமல் அடைத்துவைத்திருக்கும் வயது வந்த பெண்களைக் கணக்கெடுத்து வெளியே விடு. நம் மாவட்டக் காப்பகத்தில் அந்தக் கணக்கெடுப்பு நடந்ததா என்று நீங்களும் நானும் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுக் கேட்கலாமே. வருகிறீர்களா?