அணை ரீல் கடலுக்குத் தாங்குமா?

வணக்கம். ஃபிளை ஃபிஷிங்குக்கு (பூச்சி போன்ற செயற்கை இரையை வீசி மீன் பிடிப்பது) 8 வெயிட் கோல் (வெயிட் என்பது கோலின் வலிமை எண்) புதிதாக வாங்கிவிட்டேன், கிருஷ்ணகிரி அணையில் ஜிலேபி மீனுக்கு வீசும் ரீலும் லைனும் மாலத்தீவுக்குப் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். கோல் சரி, ஆழமில்லாத கடலில் மேயும் போன்ஃபிஷ் மீனுக்கு அதுதான் அளவு. பெரிய பாரை மீனைக் (டிரெவலி) குறிவைத்தால் 12 வெயிட் வேண்டும்.

ரீலைத் தயவுசெய்து மாற்றுங்கள். என்னுடைய நன்னீர் ரீல் உப்புத் தண்ணீரில் இரண்டாம் நாளே இறுகிவிட்டது. ஊர் திரும்பிக் கழற்றினால் பேரிங் முழுக்கத் துரு. டிராக் (லைன் ஓடுவதைத் தடுக்கும் பிரேக்) முழுதாக மூடியிருக்கும் ரீலாக, 200 மீட்டர் பேக்கிங் (லைனுக்குப் பின்னால் சுற்றும் மெல்லிய கூடுதல் நூல்) கொள்ளும்படி பாருங்கள். போன்ஃபிஷ் ஒரே ஓட்டத்தில் 100 மீட்டர் உருவிக்கொண்டு போகும். லைனும் வெப்பக் கடலுக்கென்று செய்ததாக இருக்கட்டும். குளிர்நீர் லைன் அந்த வெயிலில் தொளதொளத்துக் கோல் வளையங்களில் ஒட்டும், வீச்சே போகாது.

செம்பு நிறப் போலரைஸ்டு கண்ணாடி கட்டாயம், இல்லையென்றால் ஆழமில்லாத நீரில்கூட மீன் தெரியாது. பவளப்பாறைக்குத் தடித்த அடியுள்ள பூட்ஸ். முழுக்கைச் சட்டை, தொப்பி எப்படியும் எடுப்பீர்கள்.

பெங்களூரில் விமானம் ஏறும்போது தூண்டில் முள், பிளையர் எல்லாம் செக்-இன் பையில் போட்டுவிடுங்கள். அப்புறம், தினமும் இரவு ரீலை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வையுங்கள்.