சிடிஎக்ஸ் இரட்டிப்பானால் எலும்பு கரைகிறதா?

கேள்வி: எனக்கு வயது 54. மாதவிடாய் நின்று நான்கு வருடம். ஏழு வருடமாக முடக்குவாதம். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட், தினமும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு 7.5 மில்லிகிராம் எடுக்கிறேன். ஜனவரியில் மதியம் சாப்பிட்டபின் கொடுத்த ரத்தத்தில் சிடிஎக்ஸ் 310. போன வாரம் காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் கொடுத்தபோது 590. எலும்பு இரண்டு மடங்கு வேகத்தில் கரைகிறதா? எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேனில் இடுப்பு டி-ஸ்கோர் மைனஸ் 1.9. கால்சியம் மாத்திரை போடுகிறேன், அது போதாதா?

பதில்: நல்லவேளை, ரத்தம் கொடுத்த நேரத்தையும் எழுதியிருக்கிறீர்கள். குழப்பமே அங்கேதான். எலும்பு அரிக்கப்படும்போது அதிலுள்ள கொலாஜன் உடைந்து ரத்தத்தில் கலக்கும் துணுக்குதான் சிடிஎக்ஸ். விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும், பிற்பகலில் இறங்கும். சாப்பிட்டாலும் குறையும். அதனால் 310-ஐயும் 590-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே கூடாது. ஜனவரி ரிப்போர்ட்டை மறந்துவிடுங்கள். மாதவிடாய் நின்றபின் இந்த அளவு பொதுவாகவே கூடும் என்பதும் இருக்கிறது.

அதற்காக எலும்பு பத்திரம் என்று சொல்லவில்லை. முடக்குவாதம் மூட்டோடு நிற்கிற நோய் இல்லை. வீங்கிய மூட்டில் சுரக்கும் டிஎன்எஃப், ஐஎல்-6 போன்ற அழற்சிப் பொருட்கள் ரேங்க்எல் என்ற புரதத்தைக் கூட்டுகின்றன. எலும்பை அரிக்கும் செல்களைத் தூண்டிவிடுவது அதுதான். எலும்பில் எந்நேரமும் ஒரு பக்கம் இடிப்பு வேலை, மறுபக்கம் கட்டுமான வேலை. இடிப்பதை சிடிஎக்ஸ் காட்டும், கட்டுவதை பி1என்பி என்ற இன்னொரு பரிசோதனை காட்டும். ஸ்டீராய்டு என்ன செய்கிறது தெரியுமா? கொத்தனாரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. ஆரம்பித்த மூன்று முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே எலும்பு முறியும் ஆபத்து ஏறிவிடும்.

எனவே என்னை உறுத்துவது உங்கள் 590 இல்லை, அந்த 7.5 மில்லிகிராம். எத்தனை வருடமாக எடுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. வலி கேட்கிறதே என்று பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டே போகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். சட்டென்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து. வாதநோய் மருத்துவரிடம் போய், அழற்சி அடங்கியிருக்கிறதா, மருந்தை மாற்றியோ கூட்டியோ ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். அழற்சி அடங்கினால் எலும்பு இழப்பும் மட்டுப்படும்.

டி-ஸ்கோர் மைனஸ் 2.5-க்கு வந்தால்தான் எலும்புப்புரை என்று பெயர். ஆனால் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு அதற்கு முன்பே முறியலாம். எலும்பு முறியும் ஆபத்தைக் கணிக்கும் ஃப்ராக்ஸ் என்ற கணக்கீட்டில் முடக்குவாதத்துக்கும் ஸ்டீராய்டுக்கும் தனித்தனிக் கட்டமே உண்டு. அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உயரம் குறைந்திருந்தால் முதுகெலும்பு எக்ஸ்ரேயும் தேவை. அங்கே முறிவு வலியில்லாமலே வரலாம்.

கால்சியம் மட்டும் போதாது. வைட்டமின் டி அளவைப் பாருங்கள். ஆபத்து அதிகம் என்று தெரிந்தால் எலும்பு அரிப்பைக் குறைக்கும் அலென்ட்ரோனேட் போன்ற மருந்து தருவார்கள். சிடிஎக்ஸ் உண்மையில் உதவுவது அப்போதுதான்: மருந்து தொடங்கி மூன்று மாதம் கழித்து, அதே லேபில், அதே காலை நேரம், வெறும் வயிறு. எண் நன்றாக இறங்கியிருந்தால் மருந்து வேலை செய்கிறது. மாதாமாதம் பார்ப்பது வீண் செலவு.

அப்புறம் ஒன்று. அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராமும் வார மாத்திரைதான். வாரம் ஒருமுறை போடும் மாத்திரைகள் இரண்டு சேர்ந்தால் கிழமை குழம்பும். மெத்தோட்ரெக்ஸேட்டைத் தவறி தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எது எந்தக் கிழமை என்று தினசரி காலண்டரில் பெரிதாக எழுதி வையுங்கள்.