வாங்கும் முன்: குளியல் உப்பும் கை சுட்ட கதைகளும்

சென்ற முறை ஒரு பதிலின் ஓரத்தில், பரிசு கொடுக்கக் குளியல் உப்பைக் கடையில் வாங்குவதைவிட வீட்டிலேயே கலந்துவிடலாம் என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. சுருக்கித் தந்திருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையது மட்டும்.

கேள்வி: எப்சம் உப்பு, கல்லுப்பு, பிங்க் நிற இந்துப்பு, சாக்கடல் உப்பு என்று நான்கு வகை கிடைக்கிறது. ஒன்றின் விலைக்கும் இன்னொன்றின் விலைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. பத்துப் பேருக்குப் பரிசு கொடுக்க எதை வாங்குவது?

பதில்: எப்சம் இரண்டு பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு. அவ்வளவுதான். எப்சம் என்பது மக்னீசியம் சல்பேட். வெந்நீரில் சட்டென்று கரையும். கல்லுப்பு ஜாடியில் பார்க்க நன்றாக இருக்கும், விலையும் குறைவு. இந்துப்புக்கு அந்த பிங்க் நிறம் வருவது அதில் துளி அளவு கலந்திருக்கும் இரும்பால். மற்றபடி 97, 98 சதவீதம் சமையலறை டப்பாவில் இருக்கும் அதே சோடியம் குளோரைடுதான். நிறம் பிடித்திருந்தால் மேலே ஒரு கைப்பிடி தூவுங்கள், மூட்டையாக வாங்க வேண்டாம். பெரிய கல்லாக இருந்தால் தொட்டியின் அடியில் கரையாமல் கிடந்து உட்காருபவரைக் குத்தும்.

சாக்கடல் உப்பு விஷயத்தில் நான் பட்டவள். அதில் மக்னீசியம் குளோரைடு அதிகம். காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துத் தானே நீராகிவிடும் சுபாவம் அதற்கு. இது தெரியாமல் 5 கிலோ வாங்கி, அழகான துணிப்பைகளில் கட்டி அலமாரியின் மேல்தட்டில் அடுக்கினேன். மறுவாரம் கீழ்த்தட்டுத் துணியெல்லாம் நனைந்திருந்தது. சுவருக்குள் குழாய் ஒழுகுகிறது என்று பிளம்பரை வரவழைத்த பிறகுதான் ஒழுகுவது என் பரிசு என்று தெரிந்தது. பிளம்பருக்குக் கொடுத்த கூலியையும் அந்த உப்பின் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் குளியல் தொட்டி கிடையாது. வாங்குகிறவர் வீட்டிலும் இருக்குமா தெரியவில்லை. அப்படியும் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். ஒரு பேசின் வெந்நீரில் அரை கப் போட்டுக் கால் நனைத்தால் போதும். ஆனால் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்கும், காலில் புண் இருப்பவர்களுக்கும் இதைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: அக்கா, உரக்கடையில் மூட்டைக்கணக்கில் எப்சம் உப்பு மலிவாகக் கிடைத்தது. வாங்கிவிட்டேன். பையில் "மனித உபயோகத்துக்கு அல்ல" என்று போட்டிருக்கிறது. அதே மக்னீசியம் சல்பேட்தானே?

பதில்: அதேதான். ஆனால் செடிக்கு விற்கும் சரக்கில் வேறு என்னென்ன கலந்திருக்கிறது என்று யாரும் உங்களுக்காகச் சோதிப்பதில்லை. பையிலேயே எழுதியிருக்கிறது, நீங்களே படித்திருக்கிறீர்கள், அப்புறம் என்னிடம் ஏன் கேட்கிறீர்கள், தம்பி? செடிக்குப் போடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் 12 சிறு பாட்டில்கள் அடங்கிய எசென்ஷியல் ஆயில் (தாவரங்களிலிருந்து எடுக்கும் வாசனை எண்ணெய்) செட் ஒன்று வாங்கினேன். "100% இயற்கை, தெரபியூட்டிக் கிரேடு" என்று அட்டையில் இருந்தது. ரோஜா, மல்லிகை, ஸ்ட்ராபெரி எல்லாம் உண்டு. அதை நம்பி உப்பில் கலந்து என் மாமியாருக்கும் நாத்தனாருக்கும் கொடுத்தேன். இருவருக்கும் உடம்பெல்லாம் அரிப்பு. விற்றவரைக் கேட்டால், "உங்கள் வீட்டாருக்குத் தோல் மென்மை" என்கிறார். அவமானமாக இருக்கிறது.

பதில்: அம்மா, அவமானப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை. அட்டையில் எழுதியதை நம்பி நல்ல மனதோடு செய்தீர்கள். மாமியாரிடம் இந்தப் பதிலை அப்படியே காட்டுங்கள்.

இனி என் புலம்பலைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். பல வருடமாக அடக்கி வைத்திருந்தது.

"தெரபியூட்டிக் கிரேடு" (சிகிச்சைத் தரம்) என்று ஒரு தரமே கிடையாது. எந்த அரசும் அப்படி ஒரு முத்திரை தருவதில்லை. விற்பவரே அச்சடித்து விற்பவரே ஒட்டிக்கொள்ளும் பட்டம் அது. நான் என் பெயருக்கு முன்னால் "மகாராணி" என்று போட்டுக்கொள்வதைப் போல.

அடுத்து ஸ்ட்ராபெரி. ஸ்ட்ராபெரி எசென்ஷியல் ஆயில் என்று உலகத்தில் ஒன்று இல்லை. அந்தப் பழத்தைக் காய்ச்சி வடித்தால் அப்படி ஓர் எண்ணெய் வராது. பாட்டிலில் இருப்பது ஆய்வகத்தில் செய்த வாசனை. அது இருப்பதில் தப்பில்லை. அதை எசென்ஷியல் ஆயில் என்று சொல்லி விற்பதுதான் தப்பு. மல்லிகை நீராவியில் வாட்டினால் வாசனை கெட்டுப்போகும் பூ. அதனால் பெரும்பாலும் கரைப்பான் ஊற்றித்தான் சாற்றை எடுப்பார்கள். அதற்கு "ஆப்சல்யூட்" என்று வேறு பெயர், வேறு விலை. ரோஜா எண்ணெய் ஒரு கிலோ எடுக்க 3,000 கிலோவுக்கும் மேல் இதழ் வேண்டும். அந்த ரோஜாவும், டன் கணக்கில் கிடைக்கும் ஆரஞ்சுத் தோலில் எடுத்த எண்ணெயும் ஒரே செட்டில், ஒரே அளவில், ஒரே விலையில் இருக்கிறது என்றால் கணக்கு எங்கேயோ உதைக்கிறது. எந்த ஊர் வியாபாரியும் நஷ்டத்துக்கு ரோஜா விற்கமாட்டார்.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியுமா என்றால், இல்லை. ஒரு கண்காட்சியில் "சுத்தமான ரோஜா" என்று ஒரு சின்னக் குப்பியை இனிக்க இனிக்கப் பேசிய ஒருவரிடம் வாங்கினேன். வீட்டுக்கு வந்து வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டேன். மறுநாள் காலையில் தாளில் பஜ்ஜி வைத்து எடுத்த மாதிரி வட்டமாக எண்ணெய்க் கறை. லாவெண்டர், எலுமிச்சை போன்ற மெல்லிய எண்ணெய்கள் சுத்தமாக இருந்தால் அநேகமாக ஆவியாகிப் போய்விடும். கொழகொழவென்று கறை நின்றால் வேறு எண்ணெய் ஊற்றிப் பெருக்கியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். சந்தனம், பச்சோலி மாதிரி கனத்தவை சுத்தமாக இருந்தாலும் கறை விடும், அவற்றுக்கு இந்தச் சோதனை ஆகாது.

வாங்கும்போது பாட்டிலில் தாவரத்தின் அறிவியல் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். லாவெண்டர் என்றால் "லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா" என்று இருக்க வேண்டும். "இண்டர்மீடியா" என்று இருந்தால் அது லாவண்டின் என்ற கலப்பினம். கற்பூர நெடி தூக்கலாக இருக்கும், விலையும் குறைவாக இருக்க வேண்டும். கண்ணாடி பாட்டில், அதுவும் கருநிறத்தில். ரப்பர் குமிழ் வைத்த டிராப்பரே மூடியாக இருந்தால் வேண்டாம், எண்ணெயின் ஆவி ரப்பரைத் தின்றுவிடும்.

இன்னொன்று. இயற்கை என்றால் அரிக்காது என்பதும் பொய். லாவெண்டரில் இருக்கும் லினலூல், எலுமிச்சைத் தோலில் இருக்கும் லிமோனீன், இரண்டையுமே லேபிளில் பெயர் சொல்லி எழுத வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியலில் ஐரோப்பிய ஒன்றியம் சேர்த்திருக்கிறது. பழைய பாட்டிலில் இவை காற்றுப் பட்டு மாறும்போது அரிப்பு இன்னும் கூடும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். "ஸ்ட்ராபெரி எசென்ஷியல் ஆயில்" என்று எழுதியிருக்கும் பாட்டிலைப் படம் எடுங்கள். விற்றவருக்கு ஒரே வாக்கியம் எழுதுங்கள்: இல்லாத பொருளை இருப்பதாக அச்சடித்து விற்றிருக்கிறீர்கள், பணத்தைத் திருப்பித் தாருங்கள். தோல் மென்மை பற்றி வாதாடவே வேண்டாம், அங்கே அவர் வழுக்கிக்கொண்டு போய்விடுவார். அட்டையில் இருக்கும் பொய்யில் பிடியுங்கள். மசியவில்லை என்றால் விற்பனைத் தளத்திலும் உங்கள் பகுதி நுகர்வோர் குறைதீர் அமைப்பிலும் அதே படத்தோடு புகார் கொடுங்கள்.

கேள்வி: வாசனை தூக்கலாக இருக்கட்டும் என்று ஒரு ஜாடிக்கு 60 சொட்டு பட்டை எண்ணெய் விட்டேன். தோழிக்குத் தோல் எரிந்துவிட்டது. எத்தனை சொட்டு விட வேண்டும்?

பதில்: பட்டையும் கிராம்பும் ஒரு சொட்டுகூட வேண்டாம். இரண்டும் தோலைச் சுடும்.

எண்ணெய் தண்ணீரில் கரையாது. உப்பு அதைக் கரைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உப்பு கரைந்து போய்விடும், எண்ணெய் அப்படியே மேலே மிதந்து வந்து, உட்கார்ந்திருப்பவரின் தோலில் நேராக ஒட்டும். ஆகவே 250 கிராம் உப்புக்கு லாவெண்டர் மாதிரி சாதுவானது 8 சொட்டு. அதை முதலில் 2 டீஸ்பூன் ஜோஜோபா அல்லது பாதாம் எண்ணெயில் கலக்கிவிட்டு, பிறகு உப்பில் சேர்த்துப் பிசறுங்கள். தொட்டி வழுக்கும் என்று லேபிளில் எழுத மறக்காதீர்கள். வழுக்கல் வேண்டாம் என்றால் அழகுசாதனப் பொருள் விற்கும் கடையில் பாலிசார்பேட் 20 என்று கேட்டு வாங்கி அதில் கலக்கலாம், அது எண்ணெயைத் தண்ணீரோடு சேர்த்துவிடும். பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் எண்ணெய் வைத்துக் குளித்துவிட்டு வெயிலில் போனால் தோல் கறுக்கும், புண்ணாகவும் ஆகலாம்; அதையும் தவிர்த்துவிடுங்கள். தோழியிடம் மன்னிப்புக் கேட்டீர்களா? கடிதத்தில் அதைக் காணோம்.

கேள்வி: ஒரு கிலோ எப்சம் பாக்கெட் வாங்கி எடை போட்டால் 870 கிராம்தான் இருக்கிறது. கேட்டதற்கு, "இந்த உப்பில் தண்ணீர் இருக்கும், ஆவியாகியிருக்கும்" என்றார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மையைச் சொல்லி ஏமாற்றியிருக்கிறார்கள், அதுதான் எரிச்சல். எப்சம் படிகத்துக்குள் தண்ணீர் இருப்பது நிஜம். ஒரு மக்னீசியம் சல்பேட்டுக்கு ஏழு நீர் மூலக்கூறு. எடையில் பாதிக்குச் சற்று மேல் தண்ணீர்தான். வறண்ட காற்றில் திறந்து வைத்தால் அதில் கொஞ்சம் போகவும் செய்யும். ஆனால் ஒட்டிய பாக்கெட்டுக்குள்ளிருந்து 130 கிராம் எப்படி வெளியேறியது? அப்படிப் போயிருந்தால் படிகங்கள் மங்கி வெள்ளை மாவு பூத்திருக்கும். உங்களுடையது கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னுகிறதா? அப்படியானால் அந்த 130 கிராம் பாக்கெட்டுக்குள் வரவே இல்லை. பிரிக்காத இன்னொரு பாக்கெட்டைக் கடையில் அவர்கள் தராசிலேயே போடச் சொல்லுங்கள். பில்லையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விடாதீர்கள், நான் உங்கள் பக்கம்.

கேள்வி: உடம்பில் இருக்கும் நச்சை இழுத்து வெளியேற்றும் என்று ஜாடியில் எழுதலாமா?

பதில்: கூடாது. இழுக்காது. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

கேள்வி: மேடம், 40 தக்கை மூடி பாட்டில்கள் தள்ளுபடியில் வாங்கி, உப்பு நிரப்பி, நடுவில் ரோஜா இதழும் போட்டு மூன்று மாதம் முன்பே தயாராக வைத்துவிட்டேன். இப்போது உப்பு கல்லாகிவிட்டது, இதழ் பழுப்பாகிவிட்டது, சிலவற்றில் பூஞ்சை. தள்ளுபடி என்பதால் திருப்பி எடுக்கமாட்டார்களாம். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்.

பதில்: ஏமாற்றவில்லை. தக்கை என்று சொல்லித் தக்கையைத்தான் கொடுத்திருக்கிறார். தக்கை மூச்சு விடும், ஈரத்தை உள்ளே விடும். ஒரு பாட்டில் வாங்கி, ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு மீதி 39ஐ வாங்கியிருக்கலாம். இதழ் நன்றாகக் காயாமல் போனதால்தான் பூஞ்சை, அதற்கும் கடைக்காரர் பொறுப்பில்லை. நன்றாகக் காய்ந்திருந்தாலும் அது தண்ணீரில் ஊறி, உடம்பில் ஒட்டி, கடைசியில் வடிகால் துளையை அடைக்கும். பரிசு வாங்கியவர் குனிந்து பொறுக்கிக்கொண்டிருப்பார். இதழ் வேண்டுமென்றால் சின்ன மஸ்லின் பையில் கட்டிப் போடுங்கள்.

ரப்பர் வளையம் வைத்த கண்ணாடி ஜாடி வாங்குங்கள். தகர மூடி உப்புக்குத் துருப்பிடிக்கும். வாங்கும் முன் ஜாடியைக் கவிழ்த்து அடிப்பாகத்தின் தடிமனைப் பாருங்கள். வெளியே பார்க்க அரை லிட்டர், உள்ளே 300 மில்லி என்று இருக்கும் ஜாடிகளை நானே ஒரு டஜன் வாங்கி வைத்திருக்கிறேன், பேனா போட்டு வைக்க.

கேள்வி: நுரைத்துப் பொங்கட்டும் என்று சமையல் சோடாவும் சிட்ரிக் ஆசிடும் சேர்த்தேன். இரவில் ஒரு ஜாடி மூடி டப்பென்று பறந்தது. மீதி ஒன்பது ஜாடிகளை என்ன செய்வது?

பதில்: முதலில் முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு மூடிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள், மீதியைப் பிறகு படிக்கலாம். ஈரம் பட்டால் அந்த இரண்டும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு விடும். இறுக்கமான கண்ணாடி ஜாடிக்குள் அது பட்டாசு. உப்பிலும் சோடாவிலும் ஒட்டியிருக்கும் ஈரமே போதும். சிட்ரிக் ஆசிடை விட்டுவிட்டு வெறும் சோடா சேருங்கள், தண்ணீர் மெத்தென்று இருக்கும்.

கேள்வி: நான் கொடுத்த ஜாடியை ஒருவர் சர்க்கரை என்று நினைத்துக் காப்பியில் போட்டுக் குடித்துவிட்டார். லேபிளில் "அன்புடன்" என்று மட்டும் எழுதியிருந்தேன்.

பதில்: எப்சம் உப்புக்குத் தமிழில் பழைய பெயர் பேதி உப்பு. இங்கிலாந்தில் எப்சம் என்ற ஊரின் கசப்பு ஊற்றுநீரைத் தேடி 17ஆம் நூற்றாண்டில் மக்கள் போனதும் வயிறு கழுவத்தான். ஒரு வாயோடு துப்பியிருந்தால் பிழைத்தார். நிறைய உள்ளே போனாலோ, குடித்தவர் குழந்தையாகவோ சிறுநீரகக் கோளாறு உள்ளவராகவோ இருந்தாலோ டாக்டரிடம் போக வேண்டும். இனி லேபிளில் "அன்புடன்" என்பதற்குக் கீழே எழுதுங்கள்: குளிக்க மட்டும், சாப்பிடக் கூடாது. கலந்த எண்ணெயின் பெயர். செய்த தேதி. ஒரு குளியலுக்கு எவ்வளவு. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும்.

கேள்வி: இவ்வளவு தொல்லை எதற்கு? எல்லாம் சேர்த்து "குளியல் உப்பு செய்யும் கிட்" என்று விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: நான் வாங்கினேன். பெரிய பெட்டி. பிரித்தால் பாதி வைக்கோல். 200 கிராம் உப்பு, பெயர் போடாத 2 மில்லி வாசனை, நெளிந்த மூடியோடு ஒரு ஜாடி, மூன்று மீட்டர் ரிப்பன். அந்தக் காசுக்கு உப்பும் எண்ணெயும் தனித்தனியாக வாங்கியிருந்தால் எட்டு ஜாடி நிரப்பியிருக்கலாம். ரிப்பன் மட்டும் இன்னும் மிச்சம் இருக்கிறது.