இரண்டாவது சுற்றில் தீரும் மூச்சு

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 26. ஓராண்டாகக் கிக்பாக்ஸிங் கற்று வருகிறேன். வாரத்தில் மூன்று மாலை வகுப்பு, அதில் ஒரு நாள் ஸ்பாரிங் (எதிராளியோடு பயிற்சிச் சண்டை). இரண்டாவது சுற்றின் பாதியிலேயே மூச்சு வாங்கிக் கைகள் தாழ்ந்துவிடுகின்றன. வீட்டில் கூடுதலாகப் பயிற்சி செய்யலாம் என்று தேடியதில் மூன்று திட்டங்கள் கிடைத்தன. முதலாவது, எட்டு வாரம், வாரத்தில் ஆறு நாள், தினமும் 40 நிமிடம் இடைவிடாத பர்பி (குந்தி, தண்டால் நிலைக்குப் போய், எழுந்து குதிப்பது), தாவல், தண்டால். இரண்டாவது, டம்பெல்லும் கெட்டில்பெல்லும் கொண்டு வாரம் மூன்று நாள் வலிமைப் பயிற்சி. மூன்றாவது, பன்னிரண்டு வாரம் மெதுவான ஓட்டமும் ஸ்கிப்பிங்கும். முதல் திட்டத்தைத்தான் ‘சண்டை வீரர்களுக்கானது’ என்கிறார்கள். ஒரு வாரம் செய்தேன். வகுப்பில் காலைத் தூக்கவே முடியவில்லை. இது என் பலவீனமா, திட்டத்தின் குறையா? மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது? மூச்சைக் கடினமாக்கும் முகமூடி ஒன்று விற்கிறார்களே, அதை வாங்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

குறை திட்டத்தில்தான். அதை எழுதியவர், படிப்பவருக்கு வேறு பயிற்சியே இல்லை என்று எண்ணிக்கொண்டு எழுதியிருக்கிறார். உங்கள் வாரத்தில் ஏற்கெனவே மூன்று கடினமான நாட்கள் இருக்கின்றன. அவற்றின் மேல் இன்னும் ஆறு கடினமான நாட்களைச் சுமத்தினால் உடல் தேறுவதற்கு நேரமே கிடைக்காது. வகுப்பு எதைத் தரவில்லையோ அதைத் தருவதுதான் வீட்டுப் பயிற்சியின் வேலை. வகுப்பில் காலைத் தூக்க முடியாமல் செய்யும் திட்டம் உங்கள் கலையைக் கற்கவிடாமல் தடுக்கிறது. அதை இன்றே நிறுத்திவிடுங்கள்.

ஆனால் எந்தத் திட்டத்தையும் தொடங்குவதற்கு முன் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். குத்துப்பையில், ஸ்பாரிங்கில் செல்லும் அதே வேகத்தில், மூன்று சுற்றுகள் செய்யுங்கள். அவற்றை ஒழுங்காக முடிக்க முடிகிறது, எதிரில் ஆள் நிற்கும்போதுதான் மூச்சு தீர்கிறது என்றால், சிக்கலின் பெரும்பகுதி பதற்றம். புதியவர்கள் அடி வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். தோள் காதுவரை ஏறிவிடுகிறது, முஷ்டி சுற்று முழுவதும் இறுகியே இருக்கிறது. இறுகிய தசை சும்மா இருக்கும்போதும் ஆற்றலைச் செலவழிக்கும். அதற்குள் ரத்தம் பாய்வதும் குறையும். ஓராண்டு மாணவரின் கை தாழ்வதற்கு இதுவே போதுமான காரணம். ஆயிரம் பர்பி செய்தாலும் இது தீராது. ஒவ்வொரு அடிக்கும் மூச்சை வெளியே விடுவது, அடிக்கும் கணத்தில் மட்டும் முஷ்டியை இறுக்குவது, பயிற்சியாளரிடம் கேட்டு மென்மையான ஸ்பாரிங் சுற்றுகளைக் கூட்டிக்கொள்வது ஆகியவைதான் இதற்கு மருந்து.

பையிலும் மூச்சு தீர்கிறதா? அப்படியானால் உடல் தகுதி உண்மையிலேயே போதவில்லை. இந்த இடத்தில்தான், பார்ப்பதற்குச் சாதுவாகத் தெரியும் உங்கள் மூன்றாவது திட்டம் முதலாவதை வெல்கிறது. வெடித்துக் கிளம்பும் ஓர் உதைக்கான ஆற்றல், தசையில் தயாராக இருக்கும் ஏடிபி, பாஸ்போகிரியேட் என்ற ஆற்றல் பொருட்களின் இருப்பிலிருந்து வருகிறது. முழு வேகத்தில் சென்றால் பத்து நொடி அளவில் அது பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதற்கு மேலும் முழு வேகத்தில் நீடித்தால் உடல் ஆக்சிஜனுக்குக் காத்திராமல் சர்க்கரையை உடைக்கிறது. கால் கனப்பதும் கை எரிவதும் அப்போதுதான். தீர்ந்த இருப்பை மறுபடி நிரப்புவது ஆக்சிஜனின் வேலை. இரண்டு தாக்குதல்களுக்கு நடுவில் நீங்கள் சுற்றி வரும் சில நொடிகளிலும், சுற்றுகளுக்கு இடையே உட்காரும் ஒரு நிமிடத்திலும் நடப்பது அதுதான். ஆகவே இரண்டாவது சுற்றில் உங்களைக் காப்பாற்றுவது, முதல் சுற்றின் செலவை எவ்வளவு விரைவில் ஈடுசெய்கிறீர்கள் என்பதே. அந்தத் திறன் மெதுவான, நீண்ட உழைப்பில் நன்றாக வளர்கிறது.

தினமும் 40 நிமிடம் மூச்சிரைக்கச் செய்யும் பயிற்சி, மெதுவான உழைப்புக்கும் முழு வேகத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. அடித்தளம் கட்டும் அளவுக்கு நிதானமாகவும் இல்லை; களைப்பினால் உண்மையான வேகத்திலும் செய்ய முடிவதில்லை. இதற்கு ‘டபாட்டா’ என்ற பெயரைச் சூட்டி விற்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஜப்பானிய ஆய்வாளர் இசுமி டபாட்டாவும் அவருடைய குழுவினரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், 20 நொடி உழைப்பு, 10 நொடி ஓய்வு என்று ஏழெட்டு முறை, நிலைச் சைக்கிளில் செய்யவைத்தார்கள். உழைப்பின் அளவு, உடல் அதிகபட்ச ஆக்சிஜனை உட்கொள்ளும் நிலையில் செய்யும் உழைப்பைப் போல 170 விழுக்காடு. அதாவது ஏறத்தாழ நான்கு நிமிடத்தில் ஆள் ஓய்ந்துவிட வேண்டும். ஆறு வாரத்தில் நல்ல பலன் கிடைத்தது உண்மை. ஆனால் அந்தத் தீவிரத்தை யாராலும் 40 நிமிடம் தாங்க முடியாது. தாங்க முடிகிறது என்றால் அது அந்தப் பயிற்சியே அல்ல.

இனி உங்கள் வாரம். வகுப்பு இல்லாத நாட்களில் இரண்டை மெதுவான உழைப்புக்கு ஒதுக்குங்கள். முதலில் 30 நிமிடம், போகப்போக 45. முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். திணறினால் வேகம் அதிகம். ஓட்டம்தான் என்றில்லை. சைக்கிள், மாடிப்படி ஏறுவது, தளர்வான ஷேடோ பாக்ஸிங் (ஆளில்லாமல் காற்றில் குத்திப் பழகுவது) எல்லாம் சரி. ஸ்கிப்பிங் புதிதென்றால் கெண்டைக்கால் பழகும்வரை சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும், அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

இரண்டாவது திட்டத்தை முற்றிலும் தள்ளிவிட வேண்டாம். மூன்று நாளை இரண்டாகக் குறைத்து, ஸ்பாரிங் இல்லாத வகுப்பு நாட்களின் காலையில் அரை மணி நேரம் செய்யுங்கள். அப்போதுதான் ஓய்வு நாள் ஓய்வு நாளாகவே இருக்கும். குந்தி எழுவது ஒன்று, இடுப்பை மடக்கி எடை தூக்குவது ஒன்று, தள்ளுவது ஒன்று, இழுப்பது ஒன்று, அவற்றோடு வயிறும் முதுகும் உறுதிப்பட பிளாங்க் போல ஏதாவது. ஐந்து அல்லது ஆறு முறை தூக்கக்கூடிய எடையில் மூன்று செட். இன்னும் இரண்டு முறை முடியும் என்ற நிலையில் நிறுத்திவிடுங்கள். வீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது இழுக்கும் பயிற்சியைத்தான். வாரம் முழுவதும் முன்னோக்கிக் குத்தும் தோளுக்கு அது மிகவும் தேவை. உறுதியான கம்பியில் புல்-அப் எடுங்கள், முடியாவிட்டால் குனிந்து டம்பெல்லை இடுப்பை நோக்கி இழுங்கள்.

ஆறு அல்லது எட்டு வாரம் கழித்து, மெதுவான நாட்களில் ஒன்றைச் சுற்றுப் பயிற்சியாக மாற்றலாம். அதன் அளவை உங்கள் போட்டி விதியிலிருந்து எடுங்கள். அமெச்சூர் குத்துச்சண்டையில் மூன்று நிமிடச் சுற்றுகள் மூன்று. தாய்லாந்தின் முவாய் தாயில், தொழில்முறைப் போட்டி என்றால், மூன்று நிமிடச் சுற்றுகள் ஐந்து, நடுவே இரண்டு நிமிட ஓய்வு. எம்.எம்.ஏ. என்ற கலப்புச் சண்டையின் தொழில்முறைப் போட்டியில் ஒரு சுற்றே ஐந்து நிமிடம். ஜூடோவில் நான்கு நிமிடம் முடிந்தும் சமநிலை என்றால் நேர வரம்பே கிடையாது. இத்தனைக்கும் ஒரே திட்டம் என்று ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள்.

முன்னேற்றத்தை வியர்வையால் அளக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூன்று நிமிடம் ஒரே வேகத்தில் ஸ்கிப்பிங் செய்து, முடித்ததும் 15 நொடி நாடித் துடிப்பை எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கூடிக்கொண்டே போனால் திட்டம் வேலை செய்கிறது. கூடவில்லை, தூக்கமும் கெடுகிறது, வகுப்பில் கால் மந்தமாக இருக்கிறது என்றால் ஒரு வாரம் அளவைப் பாதியாக்குங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பழக்கமில்லாத உடலில் திடீரென நூற்றுக்கணக்கான தண்டாலும் தாவலும் எடுத்தால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். கடும் தசைவலியோடு சிறுநீர் பழுப்பு நிறத்தில் போனால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். உழைக்கும்போது நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ அதே நடைமுறைதான்.

முகமூடி வேண்டாம், அது மலை உயரத்தில் செய்யும் பயிற்சிக்கு ஈடாகாது. மலை உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் ஆக்சிஜன் குறைவாகக் கிடைக்கிறது. முகமூடி காற்று வரும் வழியைத்தான் நெருக்குகிறது. அதனால் உங்களால் உழைக்க முடிகிற அளவுதான் குறையும். அந்தப் பணத்தில் நல்ல ஸ்கிப்பிங் கயிறு ஒன்றும், சுற்று நேரத்துக்கு மணியடிக்கும் கடிகாரம் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்