வெள்ளைச் சேலை வேண்டாம்: பட்டப்பகலில் ஒரு பேய்க் காட்சி

கேள்வி: களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். தரம் 10 பிள்ளைகள் ஐந்து நிமிடப் பேய்க் காட்சி ஒன்று செய்தே தீருவோம் என்று நிற்கிறார்கள். ஒத்திகையில் ஒருத்தி வெள்ளைச் சேலையைப் போர்த்திக்கொண்டு கத்த, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். லைற் வசதி இல்லை. நடப்பதும் காலை பத்து மணிக்கு. இதில் பயம் வர வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் பேயைக் காட்சியிலிருந்து எடுத்துவிடுங்கள். அது வந்து நின்றதுமே பார்க்கிறவர்கள் சேலை யாருடையது, பவுடர் எவ்வளவு என்று பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம ஆட்கள் இரவில் வந்து பெண்களைத் தாக்குகிறார்கள் என்ற கிறீஸ் பூதக் கதை 2011 ஓகஸ்டில் கிழக்கில் பரவியபோது ஊர் ஊராக இரவிரவாய்க் காவல் இருந்ததைப் பிள்ளைகளின் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். பூதத்தின் முகம் எப்படி என்றும் கேளுங்கள். ஆளுக்கொரு விடை வரும். பயத்தைத் தாங்குவது பயப்படுகிறவரின் உடம்பு. நடிக்க வேண்டியதும் அதைத்தான்.

தொல்காப்பியம் அச்சம் பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: அணங்கு (பேய், தெய்வம் போன்றவை), விலங்கு, கள்வர், தம் இறை (தம்மை ஆள்பவர்). வகுப்பை நான்கு குழுவாக்கி ஆளுக்கு ஒன்றைக் கொடுங்கள். ஒவ்வொரு குழுவும் ஓர் உறைநிலைக் காட்சி, அதாவது சிலைபோல் அசையாமல் நிற்கும் காட்சி, செய்யட்டும். பயப்படுகிறவர்கள் மட்டும் தெரிய வேண்டும், பயமுறுத்துவது தெரியக்கூடாது. எல்லோரும் அணங்குக் குழுவுக்குத்தான் அடிபடுவார்கள். ஆனால் விலங்குக் குழுதான் முந்தும் என்பது என் கணிப்பு. வேலிக்கு வெளியே யானை நிற்கும்போது வீட்டுக்குள் யாரும் கத்துவதில்லை. மூச்சைப் பிடிப்பார்கள், தம்பியின் வாயைப் பொத்துவார்கள், விளக்கைத் தணிப்பார்கள். அந்த உடம்பை மற்றக் குழுக்களும் பார்த்து எடுக்கட்டும். தம் இறைக் குழு அநேகமாகப் பாடசாலை அதிபரைக் கொண்டுவரும், சிரித்துவிட்டுப் போகட்டும்.

உறைநிலையில் நிற்பவரின் தோளை நீங்கள் தொட்டால் அவர் மனதில் ஓடும் ஒரு வரியைச் சொல்ல வேண்டும். அவற்றை எழுதிவையுங்கள், வசனம் அங்கிருந்துதான் வரும். "பேய்", "பயமாக் கிடக்கு" என்று வருகிற வரிகளை வெட்டிவிடுங்கள். "நாய் ஏன் குரைக்கல்ல?" என்ற மாதிரி வரிகள் நிற்கட்டும்.

இனி ஒரு காட்சி சொல்கிறேன், அப்படியே எடுக்கலாம். கரண்ட் போன இரவு. நான்கு பிள்ளைகள் பாயில் இருக்கிறார்கள். ஒருத்தி கதை சொல்கிறாள்; அவள் நிறுத்துகிற இடமெல்லாம் மற்ற மூவரில் ஒருவர் "மறுகா?" (பிறகு?) என்று கேட்கிறார். முதல் கதை வேடிக்கையாக இருக்க வேண்டும். பார்க்கிறவர்கள் சிரித்து முடியட்டும். பாரிஸில் 1897 முதல் 1962 வரை இயங்கிய கிராண்ட் கின்யோல் அரங்கு பயங்கர நாடகங்களுக்கு இடையே நகைச்சுவை நாடகங்களைப் போட்டதும் இந்தக் கணக்கில்தான். சிரிப்பை முன்னுக்கே செலவழித்தால் பிறகு அது தப்பான இடத்தில் வெடிக்காது. இரண்டாவது கதையில் "மறுகா?" கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வரட்டும். கூத்தில் பிற்பாட்டுக்காரர் வரியைத் திருப்பி எடுப்பதுபோல, கடைசிச் சொல்லை மூவரும் முணுமுணுக்கலாம். ஓரிடத்தில் அவள் நிறுத்துகிறாள். மூவரும் வாய் மூடியிருக்க, "மறுகா?" என்ற குரல் பார்வையாளருக்குப் பின்னாலிருந்து வருகிறது. நால்வரும் திரும்புவதில்லை, கண் மட்டும் மெல்ல உயர்ந்து, ஒரே வெற்றிடத்தில் நிற்கிறது. மனதுக்குள் பத்து வரை எண்ணிவிட்டு முடியுங்கள்.

இதற்கு இருட்டுத் தேவையில்லை. வாங்குகளை ஒதுக்கி, கூத்தாடும் வட்டக்களரி மாதிரிப் பார்வையாளரைச் சுற்றி இருத்துங்கள். நடிக்கிற நால்வரும் பார்வையாளரின் தலைக்கு மேலால் பார்த்தால், பட்டப்பகலிலும் அந்தப் பக்கம் இருப்பவருக்கு முதுகு கூசும். பின்குரலுக்கு வகுப்பிலேயே ஆகக் குறைவாகப் பேசுகிற பிள்ளையைப் பிடியுங்கள். பேய்க்குரல் வேண்டாம், பக்கத்தில் இருந்து கேட்பதுபோல் சாதாரணமாகக் கேட்டால் போதும்.

இரண்டு விடயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். 2004 கடல்கோள், போர்க்காலத்தில் காணாமல் போனவர்கள்: இவை பேய்க் கதைக்கு விடயமல்ல. அவை யாரோ ஒரு பிள்ளையின் வீட்டில் இன்னும் முடியாத துக்கம். அடுத்தது, கோயில் சடங்கில் உரு வந்து ஆடுவதை உடுக்கடித்து நடிக்க விடாதீர்கள். அது பலருக்கு வழிபாடு. அதோடு தாளம் ஏற ஏறச் சில பிள்ளைகள் உண்மையிலேயே நிலை தடுமாறக்கூடும். ஒத்திகைக்கு முன்பே ஒரு நிறுத்தச் சைகை பேசிக்கொள்ளுங்கள்: யார் கையை உயர்த்தினாலும் எல்லோரும் நிறுத்த வேண்டும், காரணம் கேட்கக்கூடாது. முடிந்ததும் கை காலை உதறி, ஒவ்வொருவரும் தன் சொந்தப் பெயரையும் காலையில் சாப்பிட்டதையும் சத்தமாகச் சொல்லட்டும். பின்குரல் கொடுத்த பிள்ளையை முதலில் சொல்லச் சொல்லுங்கள்.