செல்ஃப் அழுத்தினால் ‘டிக்’ சத்தம் மட்டும்: முதலில் எர்த்தைப் பாருங்கள்

நண்பரே, 2006 மாடல் 150 சிசி வண்டி, புது பேட்டரி போட்டும் செல்ஃப் அழுத்தினால் ‘டிக்’ சத்தம் மட்டும், நியூட்ரல் விளக்கு மங்குகிறது, கிக்கரில் உடனே எடுக்கிறது என்கிறீர்கள். கிக்கரில் எடுப்பதால் தீப்பொறி தரும் பிளக், சிடிஐ யூனிட் பக்கம் போகவே வேண்டாம்.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து பேட்டரி முனைகளில் பாருங்கள். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். பட்டனை அழுத்தும்போது 9.5-க்குக் கீழே விழுந்தால், புதுசாக இருந்தாலும் பேட்டரியைச் சார்ஜ் போட்டுத் திரும்பப் பாருங்கள்.

விழாமல் நின்று விளக்கு மட்டும் மங்கினால் எனக்கு எர்த் மேல்தான் (பேட்டரி நெகட்டிவை சேஸிஸ், இன்ஜினோடு சேர்க்கும் இணைப்பு) சந்தேகம். கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பை இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டிலும் வைத்து, பட்டனை அழுத்துங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அதேதான். என் வண்டியில் சேஸிஸுக்குப் பெயின்ட் அடித்தபோது எர்த் போல்ட்டுக்கு அடியிலும் அடித்துவிட்டார்கள். அது தெரியாமல் வீணாக ஒரு ரிலே (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) வாங்கினேன்! உப்புத்தாளில் தேய்த்து, வாஷர் போட்டு முறுக்கியதும் மோட்டார் சுற்றியது.

எர்த் சரி என்றால் அப்புறம் ரிலே, கடைசியாக மோட்டாருக்குள் சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ். நியூட்ரலில் வைத்தே சோதியுங்கள். மீட்டரில் வந்த அளவுகளை எழுதுங்கள், பார்க்கலாம்.